மழையின் மேல் பழி

நதிகள் நாகரிகங்களைப் பெற்றெடுத்தன என்று நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். நைல் நதி எகிப்தைப் பெற்றது. யூப்ரடீஸும் டைகிரிஸும் சுமேரியாவைப் பெற்றன. சிந்து நதி மொகஞ்சதாரோவைப் பெற்றது. பரீட்சைக்கு இது போதும். பிற்பாடு பெரியவர்களானதும் நம்மில் சிலர் கொஞ்சம் கனமான புத்தகங்களைப் புரட்டுகிறோம். அங்கேயும் இதே பாடம்தான், சற்று நீளமான அங்கி அணிந்துகொண்டு வருகிறது. மழை பெய்தால் நாகரிகம் எழும், பொய்த்தால் விழும். குளிர்நாட்டான் உழைப்பான், வெப்பநாட்டான் தூங்குவான். எல்லாம் சீதோஷ்ணத்தின் லீலை!

இந்தச் சித்தாந்தத்தின் மேல் எனக்கு நெடுநாளாகக் கோபம். முழுப் பொய்யாக இருந்திருந்தால் விட்டுத் தள்ளியிருக்கலாம். பாதி உண்மையாக இருப்பதுதான் அபாயம். அந்தப் பாதி உண்மையின் நிழலில் பல குற்றவாளிகள் சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைக் கொஞ்சம் எழுப்பி வெயிலில் நிறுத்த வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் சித்தாந்தத்தின் பரம்பரையைப் பார்ப்போம். 1748-ல் பிரெஞ்சு நாட்டு மாந்தெஸ்கியூ சட்டங்களின் தத்துவத்தைப் பற்றி ஒரு பெரும் நூல் வெளியிட்டார். பேரறிஞர், சந்தேகமில்லை. அரசாங்கத்தின் அதிகாரங்களைப் பிரித்து வைக்க வேண்டும் என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர். அதே நூலில் ஓர் ஆட்டு நாக்கைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். நாக்கில் பாதியை உறைய வைத்துப் பார்த்தாராம். அதன் மேலிருந்த சிறு முளைகள் சுருங்கிப் போயினவாம். ஆகவே குளிர்நாட்டு மனிதனுக்கு உணர்ச்சி மட்டு, வீரியம் அதிகம். வெப்பநாட்டு மனிதனுக்கு உணர்ச்சி அதிகம், ஊக்கம் மட்டு என்று முடிவு கட்டினார். ஓர் ஆட்டின் நாக்கு கோடிக்கணக்கான மனிதர்களுடைய தலைவிதியைப் பேசிவிட்டது!

அவருக்குப் பிறகு அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த எல்ஸ்வொர்த் ஹண்டிங்டன் வந்தார். 1915-ல் ‘நாகரிகமும் சீதோஷ்ணமும்’ என்று புத்தகம் போட்டார். கனெக்டிகட் ராஜ்யத்துத் தொழிற்சாலைக் கூலிக்காரர்களின் சம்பளப் பட்டியலையும், ராணுவ, கடற்படைக் கல்லூரி மாணவர்களின் மதிப்பெண்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, எந்த உஷ்ணத்தில் மனிதன் நன்றாக வேலை செய்கிறான் என்று கணக்கிட்டார். எந்த நாடு எவ்வளவு நாகரிகமுள்ளது என்று அறிஞர்கள் பலருக்குக் கடிதம் எழுதித் தரம் பிரிக்கச் சொன்னார். அறிஞர்களில் பெரும்பாலோர் மேல்நாட்டவர். கடைசியில் என்ன கண்டுபிடித்தார்? மனித முன்னேற்றத்துக்கு மிக உகந்த சீதோஷ்ணம் வடமேற்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். அவர் குடியிருந்த நியூ ஹேவன் நகரம் அந்த வடகிழக்கிலேதான் இருக்கிறது. தன் வீட்டுத் திண்ணையில்தான் நல்ல காற்று வருகிறது என்று நம் ஊர்ப் பெரியவர்களும் சொல்வதுண்டு. ஆனால் அதற்கு அவர்கள் தேசப்படம் வரைவதில்லை.

சரி, வாதத்துக்கு வருவோம். மழையும் ஆறும்தான் நாகரிகத்தைத் தருகின்றன என்றால், மழை அதிகமுள்ள இடத்தில் நாகரிகமும் அதிகம் இருக்க வேண்டும். நமக்குப் பக்கத்திலுள்ள இலங்கையைப் பாருங்கள். அந்தத் தீவின் தென்மேற்கில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. ஆனால் அநுராதபுரமும் பொலன்னறுவையும் எழுந்தது அங்கே அல்ல; ஆண்டில் பல மாதம் காய்ந்து கிடக்கிற வறண்ட பகுதியில்தான் எழுந்தன. அங்கே மனிதன் குளம் வெட்டினான். ஒரு குளத்தின் உபரி இன்னொரு குளத்தின் வரத்தாகும்படி சங்கிலி கோத்தான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு கட்டிய நீர்த்தேக்கத்தைச் சமுத்திரம் என்றே அழைத்தார்கள். 1215-ல் கலிங்கத்து மாகன் படையெடுத்து வந்தான், நிர்வாகம் சிதறியது, கரை உடைந்தால் அடைக்க ஆளில்லாமல் போயிற்று. கொஞ்ச காலத்தில் ராஜ்யமே அந்த வட்டாரத்தைக் கைவிட்டுத் தென்மேற்கே நகர்ந்துவிட்டது. வறட்சியும் மலேரியாவும் துணை செய்தன என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். செய்திருக்கும். ஆனால் பல நூற்றாண்டுகளாக வறட்சியைச் சமாளித்த அதே ஏரிகள், பராமரிப்பு போனதும் சமாளிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு பக்கம் சிரபுஞ்சி இருக்கிறது. ஆண்டுக்குப் பதினோராயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற ஊர். குளிர்காலம் வந்தால் அங்கே பெண்கள் குடிதண்ணீருக்குத் தூரம் நடக்கிறார்கள். பெய்த மழையெல்லாம் பாறைமேல் ஓடிப் போய்விடுகிறது. வானம் கொடுத்தது, பூமி வைத்துக்கொள்ளவில்லை.

இதற்கு எதிராக இன்னொரு கட்சி உண்டு. 1957-ல் கார்ல் விட்ஃபோகல் என்ற ஜெர்மன் அறிஞர், பெரிய நீர்ப்பாசனம் வேண்டுமானால் பெரிய அதிகாரம் வேண்டும், ஆகவே ஆசியாவில் நீர் இருந்த இடத்தில் கொடுங்கோன்மையும் இருந்தது என்று எழுதினார். இவர் வெயிலை விட்டுவிட்டு வாய்க்காலைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். அவரை உத்தரமேரூருக்கு அழைத்துப் போயிருக்க வேண்டும். அங்கே கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, ஏறக்குறைய 921-ம் ஆண்டைச் சேர்ந்த, கல்வெட்டு இருக்கிறது. ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழு. குடத்தில் ஓலை போட்டு ஆள் எடுத்தார்கள். பதவி ஓராண்டு. முன்னே பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை. அவனுடைய உறவினருக்கும் இல்லை! கொடுங்கோலன் எவனும் வந்து உத்தரமேரூர் ஏரிக்கு மண் போடவில்லை.

உடனே ‘ஆஹா, நம் முன்னோர்!’ என்று மீசையை முறுக்கிக்கொள்ள வேண்டாம். அந்தக் குழுவில் உட்கார நிலம் வேண்டும், சொந்த மனை வேண்டும், வேதப் படிப்பு வேண்டும். சேற்றில் இறங்கித் தூர் வாரியவனும், நடு இரவில் மடை திறந்து பாய்ச்சிய நீர்க்கட்டியும் அந்தக் குடத்தில் ஓலையாகக்கூட இருந்ததில்லை. இருபதாம் நூற்றாண்டிலும் இந்த நாட்டின் எத்தனையோ ஊர்களில் பொதுக் கிணற்றில் கயிறு விடச் சிலருக்கு உரிமை இல்லாமல் இருந்தது. அதைச் சீதோஷ்ணமா செய்தது? எந்தப் பருவக்காற்று அந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டு வந்தது? நல்லதையும் நாம்தான் செய்தோம், கெட்டதையும் நாம்தான் செய்தோம். இரண்டையும் வானத்தின் கணக்கில் எழுதக் கூடாது என்பதுதான் என் கட்சி.

வானத்துக்கும் பங்கு உண்டு; நான் மறுக்கவில்லை. சிந்து வெளியில் ஏறக்குறைய நாலாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் பருவமழை நலியத் தொடங்கியது என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. அதன் பிறகு பெருநகரங்கள் தேய்ந்து, ஜனங்கள் சிறு சிறு ஊர்களாகக் கிழக்கே பரவினார்கள். கம்போடியாவின் அங்கோர் நகரத்துக்குப் பதினான்கு, பதினைந்தாம் நூற்றாண்டுகளில் நீண்ட வறட்சியும், நடுநடுவே பேய்மழையும் வந்ததை வியத்நாமின் மரங்களுடைய வளையங்கள் இன்றும் சொல்கின்றன. வானம் பரீட்சை வைக்கிறது. வினாத்தாள் சில சமயம் மிகக் கடினமாகவும் இருக்கிறது. ஆனால் விடைத்தாளில் எழுதுவது யார் கை?

நம் ஊர் விடைத்தாள் ஒன்றைக் காட்டுகிறேன். 1876-ல் சென்னை ராஜதானியில் மழை பொய்த்தது. பசிபிக் சமுத்திரத்து நீர் சூடேறியதால் வந்த வினை என்று இன்று தெரிகிறது. அதே ஆண்டுகளில் சீனாவும் பிரேசிலும் வாடின. தாது வருஷத்துப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் பயந்து பயந்து சொன்ன பஞ்சம் அதுதான். மழை பொய்த்ததை யாரும் தடுத்திருக்க முடியாது. ஆனால் அதற்கு முன்பே என்ன நடந்திருந்தது? ஊர் ஏரியை ஊர் பார்த்துக்கொள்ள விட்டிருந்த பழைய மானியங்களும் வருமானமும் கும்பினியின் வரி வசூலில் கரைந்திருந்தன. ஏரிகள் தூர்ந்தன. பிறகு 1858-ல் சட்டம் போட்டுக் கட்டாய உழைப்பாகக் குடிமராமத்தைக் கேட்டார்கள். வழக்கமாக இருந்தது தண்டனையாக மாறியது. பஞ்சம் வந்தபோது நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் துரை கூலியைக் குறைத்தார். இந்தியாவிலிருந்து கோதுமை கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். சர்க்கார் அறிக்கைகள் மழையின் மேல் பழி போட்டன.

அப்படிச் செத்தும் சாகாமலும் இருந்தவர்களைக் கொண்டு அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து ஒரு கால்வாய் வெட்டினார்கள். அப்போதைய கவர்னரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. இன்று சென்னையில் பறக்கும் ரயிலின் தூண்கள் அந்தக் கால்வாய்க்குள்ளேயே கால் ஊன்றி நிற்கின்றன. பஞ்சத்தில் வெட்டியதை நாம் செழிப்பில் அடைத்தோம்.

இவையெல்லாம் தூரத்துக் கதை என்று தோன்றலாம். மூங்கில்துறைப்பட்டுக்கு வாருங்கள். 2019-ல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலைக்கு வடகிழக்கே, தென்பெண்ணையின் தென்கரையில் இருக்கிற ஊர். பெயரிலேயே துறை இருக்கிறது. மாவட்டத்தின் முதல் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் இங்கேதான். அரைவைக் காலத்தில் கரும்பு வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். ஊர் முழுக்கப் பாகு வாசனை. நாகரிகம் என்றால் என்ன என்று ஆராய மெசொப்பொட்டேமியாவுக்குப் போக வேண்டியதில்லை, இங்கேயே உட்கார்ந்து ஆராயலாம்.

தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைக்குப் பக்கத்தில் பிறந்து, பெங்களூருக்குக் கிழக்கே வந்து, அந்த மாநகரத்தின் சாக்கடையையும் சுமந்துகொண்டு ஓசூருக்குள் நுழைகிறது. கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரை மலைபோல் எழும்புவதைப் பத்திரிகைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பிறகு கிருஷ்ணகிரி அணை. அப்புறம் 1958-ல் கட்டி முடித்த சாத்தனூர் அணை. அதற்குக் கீழே மூங்கில்துறைப்பட்டு, மணலூர்ப்பேட்டை, திருக்கோவலூர். கடைசியில் கடலூர்க் கடல். 400 கிலோமீட்டருக்கு மேல் நீளம். தை மாதம் ஐந்தாம் நாள் இந்த ஆற்றில் திருவிழா. அன்று மணலூர்ப்பேட்டைத் துறைக்கு அண்ணாமலையாரே தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். சுவாமி வருகிற அன்று ஆற்றில் தண்ணீர் இருக்குமா என்பது சுவாமிக்கே வெளிச்சம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. அதன் பின் அது உள்நாட்டில் மெல்ல நகர்ந்து, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. அங்கே பெய்ததெல்லாம் சாத்தனூருக்கு வந்தது. அணை ஏற்கெனவே ஏறக்குறைய நிறைந்திருந்தது. டிசம்பர் 2-ம் தேதி விடிவதற்குள் விநாடிக்கு 1,68,000 கன அடி வெளியேறியது. சாத்தனூரின் மொத்தக் கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்த வேகத்தில் ஒரு நிறைந்த அணையே பன்னிரண்டு மணி நேரத்தில் காலியாகிவிடும். அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் நடுவே சுமார் 16 கோடி ரூபாயில் கட்டி, அந்தச் செப்டம்பரில்தான் திறந்த பாலம் மூன்றே மாதத்தில் அடித்துக்கொண்டு போயிற்று. முறைப்படி எச்சரித்தோம் என்றது அரசு; நேரம் போதவில்லை என்றார்கள் எதிர்க்கட்சியினர். அந்த வழக்கை நான் தீர்க்க வரவில்லை.

ஆலைச் சாலையில் டீக்கடை வாசலில் ஒரு பெரியவரிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். “சாயங்காலம் பார்த்த ஆறு வேற, விடியக்காலம் பார்த்த ஆறு வேற சார்,” என்றார். “மோட்டார் கொட்டாயே போச்சு. பரவால்ல, அது ஒரு தடவை. சித்திரை, வைகாசியில வந்து பாருங்க. போரைப் போட்டா காத்துதான் வரும். அது வருஷா வருஷம்.”

“மழை குறைந்துவிட்டதா பெரியவரே?”

“மழை எங்க சார் குறைஞ்சுது? இப்பதானே ஆத்தோட போனதைச் சொன்னேன்!”

சீதோஷ்ண சித்தாந்திகள் அத்தனை பேருக்கும் அந்தப் பெரியவர் ஒரு வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டார். தமிழ்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஒரு வருஷப் பயிரான கரும்புக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் நீர் வேண்டும். வித்தியாசத்தை யார் தருவது? ஏரி தர வேண்டும், ஆற்று மணல் தர வேண்டும், கிணறு தர வேண்டும். ஏரி தூர்ந்தது. மணல் லாரியேறியது. மணல் என்பது வெறும் குப்பை அல்ல. வெள்ளத்தைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் ஊற்றாகத் தருகிற தொட்டி. தொட்டியை விற்றுவிட்டுத் தண்ணீர் இல்லை என்கிறோம். மிஞ்சியது ஆழ்துளைக் கிணறு. இலவச மின்சாரத்தில் அது இரவும் பகலும் பாதாளத்தைத் துழாவுகிறது. விவசாயியை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆலை நிச்சயமாக வாங்கிக்கொள்கிற பயிரைத்தான் அவன் போடுவான். கரும்புக்கு ஆலை கட்டத் தெரிந்த நமக்கு, அந்தக் கரும்பு குடிக்கிற தண்ணீருக்கு ஓர் ஏற்பாடு கட்டத் தெரியவில்லையே என்றுதான் கேட்கிறேன்.

இனிமேல் பரீட்சை இன்னும் கடினமாகப் போகிறது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஏழு சதவிகிதம் அதிகமாக ஈரத்தைச் சுமக்கும் என்பது பௌதிகம். அப்படியானால் பெய்யும்போது கொட்டும். பெய்யாத நாட்கள் நீளும். இதைக் கேட்டவுடன் நம் அதிகாரிகளுக்கும் தலைவர்களுக்கும் புதிய தெம்பு வந்துவிட்டது. வெள்ளம் வந்தாலும் ‘பருவநிலை மாற்றம்’, வறட்சி வந்தாலும் ‘பருவநிலை மாற்றம்’. முன்பு ‘தெய்வச் செயல்’ என்றார்கள். தெய்வத்துக்குப் பதில் இப்போது இது. பருவநிலை மாறுவது மெய். ஆகவேதான் மதகும் கலிங்கும் வரத்து வாய்க்காலும் முன்னைவிட அவசியம். காய்ச்சல் ஊரில் பரவுகிறது என்பது வைத்தியன் ஊரை விட்டுப் போவதற்குக் காரணம் ஆகுமா?

தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரிகள் இருப்பதாகக் கணக்கு. அவை ஒவ்வொன்றும் தனித்தனிக் குட்டை அல்ல. மேல் ஏரி கோடி போனால் கீழ் ஏரிக்கு வரத்து. மேலே இருக்கிறவன் கீழே இருக்கிறவனை நினைத்துக்கொண்டு கட்டிய ஏற்பாடு இது. என் அகராதியில் நாகரிகம் என்பதற்கு இதுதான் பொருள். கோபுரமும் காவியமும் பிற்பாடு வரட்டும். கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் போய்ச் சேர்கிறதா, வெள்ளம் வருகிறது என்ற செய்தி தண்ணீருக்கு முன்னால் போய்ச் சேர்கிறதா என்று பார்த்தால் போதும். ஒரு தேசம் நாகரிகமுள்ளதா என்று சொல்லிவிடலாம்.

நமக்கு மேலே இருக்கிறவனைத் திட்டுவதில் நாம் சூரர்கள். தென்பெண்ணையின் கிளையான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் அணை கட்டுகிறது என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனோம். போக வேண்டியதுதான். ஆனால் நமக்குக் கீழே இருக்கிறவனுக்கு நாம் என்ன செய்கிறோம்?

இந்த இடத்தில் வாசகர்கள் கொஞ்சம் சங்கடப்பட வேண்டியிருக்கும். கதை படிக்கிற நாம், மாதச் சம்பளம் வாங்கி, தவணை கட்டி, மனை வாங்குகிற நாம், 2015-ல் சென்னையில் மாடியேறி நின்றோம். 2019-ல் அதே சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றோம். அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஜோலார்பேட்டைக்காரனுக்கு அதிகமாக இருந்ததாலா வந்தது? நமக்குக் குரல் பெரிதாக இருந்ததால் வந்தது. நான்கு ஆண்டுக்குள் ஓர் ஊர் முழுகவும் செய்து தவிக்கவும் செய்தால், குறை வானத்திலா இருக்கிறது? ஏரியைத் தூர்த்து அடுக்குமாடி கட்டி, அதற்கு ‘லேக் வியூ’ என்று பெயரும் வைக்கிறார்கள். அந்த ஜன்னலுக்கு நாம் கூடுதல் விலை கொடுத்து, ஏரியைத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அரசுகள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2017-ல் குடிமராமத்து என்ற பழைய பெயரில் ஏரிகளைச் சீர்செய்யும் திட்டம் மீண்டும் வந்தது. செலவில் பத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டுக்காரர்கள் ஏற்க வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல யோசனை. ஆனால் குடிமராமத்து என்பதில் முதல் சொல் குடி. கணக்குக் கேட்கும் குடி இல்லாமல் மராமத்து மட்டும் நடந்தால் அது காண்டிராக்ட். உத்தரமேரூர்க்காரர்கள் கணக்குக் காட்டாதவனைப் பதவிக்கு அருகே விடவில்லை. அந்த ஒரு விதியை, நிலமும் ஜாதியும் பார்க்காமல், எல்லோரையும் குடத்துக்குள் போட்டு, நாம் திரும்பக் கொண்டுவர முடிந்தால், ஹண்டிங்டன் துரையின் தேசப்படத்தில் நம் ஊருக்கு எந்த வர்ணம் அடித்திருக்கிறது என்று கவலைப்பட வேண்டியதில்லை.

நாம் ஒவ்வொருவரும் மனை வாங்குமுன் வில்லங்கச் சான்றிதழ் கேட்கிறோம். பதின்மூன்று வருஷம், முப்பது வருஷம் என்று தோண்டிப் பார்க்கிறோம். யாருக்காவது அந்த நிலத்தில் பாத்தியதை இருந்துவிடப் போகிறதே என்று அவ்வளவு பயம். அடுத்த முறை சார்பதிவாளர் ஆபீசுக்குப் போகும்போது கிராமத்துப் பழைய வரைபடத்தையும் ஒரு தரம் வாங்கிப் பாருங்கள். உங்கள் மனையின் குறுக்கே ஒரு வாய்க்கால் கோடு ஓடினால், அதுவும் வில்லங்கம்தான். கீழ் ஏரியின் கடைமடையில் உட்கார்ந்திருக்கிற யாரோ ஒருவருக்கு அந்த மண்ணில் பாத்தியதை இருக்கிறது. அவர் பெயர் எந்தப் பத்திரத்திலும் இராது.